பைன் மரத்தில் பிசின் எடுப்பதும் கட்டையைக் காப்பதும்: முழுமையான வழிகாட்டி

பைன் மரத்தில் பிசின் எடுக்கும் இடமும், அதிக விலைக்குப் போகும் கட்டை இருக்கும் இடமும் ஒன்றுதான்: தரையிலிருந்து முதல் இரண்டு மீட்டர். கணு குறைந்து, பருமன் மிகுந்து, பலகை அறுக்கத் தோதாக இருக்கும் அந்த அடிமரத்தில்தான் நாம் கத்தியை வைக்கிறோம். பிசின் எடுப்பது ஒரு வேலை, மரம் விற்பது இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்ப்பவர்கள் இரண்டிலும் நட்டப்படுகிறார்கள். இந்த மரத்தை எத்தனை ஆண்டு கழித்து வெட்டப் போகிறோம், எதற்காக அறுக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகுதான் முதல் கீறல் விழ வேண்டும்.

பிசினைக் காய்ச்சி வடித்தால் ஆவியாகி வரும் எண்ணெய் டர்பன்டைன், அடியில் நிற்கும் கெட்டிப்பொருள் ரோசின். இவை இரண்டுக்கும் உலகெங்கும் முதன்மையான ஊற்று பைன் இனங்கள்தான். சீனாவில் மசோனியானா பைன், பிரேசிலில் எலியாட்டி பைன், இந்தோனேசியாவில் மெர்குசி பைன், இமயமலை அடிவாரங்களில் சிர் பைன், போர்ச்சுகலில் கடலோரப் பைன் என்று இடத்துக்கு இடம் இனம் மாறுகிறது. அடிப்படை முறை பெரிதாக மாறுவதில்லை. மற்ற பிசின் மரங்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மரத்துக்குள் என்ன நடக்கிறது

முதலில் ஒரு தெளிவு. நீரில் போட்டால் கரைவதும் ஊறி உப்புவதும் கோந்து. நீரில் கரையாமல், சாராயத்திலோ டர்பன்டைனிலோ கரைவது பிசின். கருவேல மரம் தருவது முதல் வகை, பைன் தருவது இரண்டாம் வகை. எடுக்கும் முறை, சேமிக்கும் பாத்திரம், வாங்கும் ஆலை எல்லாமே இதைப் பொறுத்தே மாறும்.

பைன் கட்டைக்குள் மெல்லிய பிசின் நாளங்கள் ஓடுகின்றன. சில நாளங்கள் மரத்தின் நீளவாக்கில் மேலும் கீழுமாகச் செல்லும். சில ஆரக்கதிர்கள் வழியாகப் பட்டையை நோக்கிக் குறுக்கே வரும். இரண்டும் ஆங்காங்கே ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஓரிடத்தில் வெட்டினால் சுற்றுப்புறத்தில் இருக்கும் பிசினும் அந்த இடத்துக்கு வந்து சேர்கிறது. நாளத்தைச் சுற்றிலும் உயிருள்ள செல்கள் வரிசையாக அமைந்து பிசினைச் சுரக்கின்றன. உயிருள்ள செல்கள் பட்டையை ஒட்டிய வெளிக்கட்டையான சாற்றுக்கட்டையில்தான் உண்டு. உள்ளே இருக்கும் வைரக்கட்டையிலும் பிசின் இருக்கிறது, பல நேரங்களில் அதிகமாகவே இருக்கிறது. ஆனால் அது அங்கேயே உறைந்து நின்றுவிட்டது. கீறினாலும் ஓடி வராது. எனவே ஆழமாக வெட்டினால் அதிகப் பிசின் வரும் என்பது தவறான கணக்கு.

காயம் பட்ட மரம் இன்னொரு வேலையும் செய்கிறது. காயத்துக்கு மேலும் கீழும் புதிதாக உருவாகும் கட்டையில் வழக்கத்தைவிட அதிகமான நாளங்களை வரிசையாக அமைத்துக்கொள்கிறது. பருவத்தின் முதல் சில வாரங்களில் வரத்து குறைவாக இருந்து பிறகு கூடுவதற்கு வெயில் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். முதல் இரண்டு கீறலில் கிடைத்ததைப் பார்த்து மனம் தளர்ந்து கீறலை ஆழமாக்கும் வேலையாட்கள் உண்டு. அங்கேதான் மரம் கெடத் தொடங்குகிறது.

எல்லா ஊசியிலை மரங்களிலும் இந்த நாளங்கள் இல்லை. பைன், ஸ்புரூஸ், லார்ச், டக்ளஸ் ஃபிர் ஆகியவற்றில் இயல்பாகவே உண்டு. ஃபிர், தேவதாரு ஆகியவற்றின் கட்டையில் காயம் பட்டால் மட்டுமே உருவாகும். தேவதாருவை வாசனை வருகிறதே என்று கீறுவது வீண். அதன் மணமும் உறுதியும் வைரக்கட்டையில் இருக்கும் எண்ணெயால் வருபவை.

முதல் படி: மரத்தைத் தேர்ந்தெடுப்பது

நெஞ்சுயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில் சுற்றளவை நாடாவால் அளக்க வேண்டும். 90 செ.மீ.க்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். மெலிந்த மரத்தில் வரத்தும் குறைவு, காயத்தைத் தாங்கும் சக்தியும் குறைவு. பருமனுக்கு அடுத்து நிமிர்ந்து கிளைப்பரப்பைப் பார்க்க வேண்டும். ஒரே பருமனுள்ள இரண்டு மரங்களில் எதற்குப் பசுமையான முடி அகலமாகவும் ஆழமாகவும் இருக்கிறதோ அதுவே அதிகம் தரும். பிசின் செய்யும் மூலப்பொருள் அந்த ஊசியிலைகளில்தான் தயாராகிறது. நெருக்கி நட்ட தோப்பில் உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலையோடு நிற்கும் மரத்தை எவ்வளவு கீறினாலும் பயனில்லை. தோப்பைக் கலைத்து இடைவெளி உண்டாக்கினால் கட்டையும் பருக்கும், பிசினும் கூடும்.

மரத்துக்கு மரம் வரத்து மாறுவதில் மரபுக்கூறுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரே மண்ணில் ஒரே வயதில் நிற்கும் மரங்களில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு கொடுப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. மரங்களுக்கு எண் போட்டு, எடுக்கும் எடையை எழுதி வாருங்கள். எந்த மரத்தின் விதையைச் சேகரிப்பது என்று பிறகு யோசிக்கும்போது அந்தக் குறிப்பேடுதான் உதவும். நன்றாகப் பராமரிக்கப்படும் பைன் மரம் ஓராண்டில் ஏறத்தாழ 3 முதல் 4 கிலோ தரும்.

வண்டு துளைத்த, மின்னல் தாக்கிய, சாய்ந்த மரங்களைத் தவிர்க்க வேண்டும். காட்டு மரமானால் உரிய அனுமதி எழுத்தில் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: முகம் வரைவது

கீறப்போகும் பரப்பை முகம் என்று சொல்வோம். இதன் அகலத்தில்தான் மரத்தின் ஆயுள் இருக்கிறது. சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு நேரத்தில் திறக்கக் கூடாது. முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே குறைந்தது 10 செ.மீ. உயிருள்ள பட்டையை அப்படியே விட வேண்டும். இலை தயாரித்த உணவு வேருக்கு இறங்குவது அந்தப் பட்டை வழியாகத்தான்.

90 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தை எடுத்துக்கொள்வோம். 20 செ.மீ. அகலத்தில் மூன்று முகங்களும் நடுவில் 10 செ.மீ. பட்டையுமாகச் சரியாகப் பொருந்தும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை 2 செ.மீ. உயரப் பட்டையை எடுக்கிறோம், பருவம் எட்டு மாதம் என்றால் ஆண்டுக்கு 16 பட்டைகள், 32 செ.மீ. தரையிலிருந்து 20 செ.மீ.யில் தொடங்கி 180 செ.மீ. வரை ஏற ஐந்து ஆண்டுகள் ஆகும். மூன்று முகத்துக்கும் சேர்த்துப் பதினைந்து ஆண்டுகள். அதற்குள் மரமும் பருத்திருக்கும். ஐந்தாண்டில் வெட்டிவிடப் போகிற தோப்பானால் மட்டும், மூன்றில் ஒரு பங்கு வரம்பைத் தாண்டி இரண்டு முகங்களை ஒரே நேரத்தில் திறக்கலாம். இன்னும் இருபது ஆண்டு நிற்க வேண்டிய தோப்பில் அப்படிச் செய்வதை நான் ஒப்ப மாட்டேன்.

முகம் வரையும் முன் மரத்தடியைச் சுற்றிலும் ஒரு மீட்டர் தூரத்துக்கு ஊசிச்சருகைக் கூட்டி அகற்ற வேண்டும். பிசின் வழிந்த மரத்தில் தீ பிடித்தால் முகத்தின் வழியாகவே மேலே ஏறும். பிறகு வாச்சியால் மேல்பட்டையின் தடித்த செதில்களை வழுவழுப்பாகச் செதுக்க வேண்டும். உள்பட்டை தெரியக் கூடாது. செதுக்குவதன் நோக்கம் கத்தி ஒரே ஆழத்தில் ஓடுவதுதான்.

மூன்றாம் படி: கீறுவது

உலகெங்கும் வழங்கும் முறைகள் பல. பழைய முறைகளில் கட்டையையே வெட்டினார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் மரத்தின் அடியிலேயே பெட்டி போலக் குழி வெட்டி, வழியும் பிசினை அதில் தேக்கினார்கள். காற்றிலும் தீயிலும் அந்த மரங்கள் சாய்ந்தன. 1900-களின் தொடக்கத்தில் சார்லஸ் ஹெர்ட்டி என்ற வேதியியலாளர் மண்கிண்ணத்தையும் தகரத் தூம்பையும் அங்கே பரப்பிய பிறகுதான் குழி வெட்டும் பழக்கம் ஒழிந்தது. இந்தியாவில் சிர் பைன் காடுகளில் பல பத்தாண்டுகள் நடந்த கிண்ண முறையிலும் கட்டையை ஆழமாகச் செதுக்கினார்கள். பின்னர் ஆழமற்ற கீறல் முறை வந்தது.

இன்று தேர்ந்தெடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. அகலமாகப் பட்டையை மட்டும் எடுத்து அமிலம் பூசும் முறை முதலாவது. நடுவில் ஒரு நேர்கோடும், அதன் இருபுறமும் 45 பாகைச் சாய்வில் மீன்முள் போன்ற கீறல்களும் போடும் முறை இரண்டாவது. இதில் கீறல் கட்டைக்குள் 2 மி.மீ. வரைதான் போக வேண்டும், வாரம் ஒருமுறை புதுக்கீறல். மரத்தின் அடியில் ஏறத்தாழ 2.5 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. ஆழமும் கொண்ட துளை போட்டு, பிசின் தானாக வடியும்படி வாய்ப்புறம் சற்றுத் தாழ்ந்திருக்க அமைத்து, குழாய் பொருத்திப் பையைக் கட்டும் முறை மூன்றாவது.

முதல் இரண்டில் கைத்திறன்தான் எல்லாம். கூரான கத்தியைப் பட்டையில் வைத்து இழுக்கும்போது உள்பட்டை ஈரமான இளஞ்சிவப்பாகச் சுருள் சுருளாக வரும். அதற்கு அடியில் வெளிர்மஞ்சளாக, வழுக்கும் பரப்பு தெரிந்தால், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் வளரும் அடுக்கான கேம்பியத்தைத் தாண்டிக் கட்டையைத் தொட்டுவிட்டீர்கள். பட்டை முறையில் அங்கேயே நிறுத்த வேண்டும். சில நிமிடங்களில் அந்தப் பரப்பின் மேல் ஓரத்தில் ஊசிமுனை அளவு துளிகள் தெளிவாக எழும். அவை சேர்ந்து வழியத் தொடங்கும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் அதே பிசின் வெண்மையாகக் கலங்கி, ஓரங்களில் சர்க்கரைப் பாகு உறைந்ததைப் போலக் கெட்டியாகியிருக்கும். எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிட, பிசின் அமிலங்கள் படிகமாகி நாளத்தின் வாயை அடைத்துவிட்டன. ஒவ்வொரு புதிய கீறலும் இந்த அடைப்பைத் திறப்பதற்காகத்தான், ஆழப்படுத்துவதற்காக அல்ல.

மழுங்கிய கத்தி செல்களை நசுக்கும், நாளவாய் மூடிக்கொள்ளும். காலையில் வேலை தொடங்கும் முன்னும் நடுப்பகலிலும் கத்தியைத் தீட்டுவது வேலையின் ஒரு பகுதி.

துளை முறையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பலகைக்காக மரத்தை விற்கப் போகிறவர்களுக்கு இதுவே ஏற்றது. காயம் முழுவதும் தரையை ஒட்டிய 30 செ.மீ.க்குள் அடங்குவதால் அடிமரம் ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கிறது. பை மூடியிருப்பதால் சருகும் மழைநீரும் விழாது, டர்பன்டைன் ஆவியாகாது, பிசின் நிறம் வெளிறியே இருக்கும். துளைக்கும் இயந்திரத்துக்கான முதலீடும், ஒரு மரத்துக்குப் பல துளை போட வேண்டிய உழைப்பும்தான் இதன் குறைகள்.

நான்காம் படி: ஊக்கி பூசுவது

கீறிய கோட்டில் கந்தக அமிலம் தடவினால் நாளங்களைச் சூழ்ந்த மென்செல்கள் சிதைந்து, வாய்கள் நீண்ட நாள் திறந்திருக்கும். அடிக்கடி கீற வேண்டிய வேலை பதினைந்து நாளுக்கு ஒருமுறையாகக் குறைவது இதனால்தான். தெளிப்பானைவிடப் பசை நல்லது. தெளித்த அமிலம் வழிந்து கீழே இறங்கித் தேவையில்லாத இடத்தையும் எரிக்கும், கிண்ணத்திலும் கலக்கும். பசையாக்கி மெல்லிய கோடாகக் கீறலின் மேல் ஓரத்தில் மட்டும் இட்டால் நின்று வேலை செய்யும். எத்திலீன் வெளியிடும் எத்திஃபான் சேர்ப்பவர்களும் உண்டு. அது மரத்தைப் புதிய நாளங்கள் உண்டாக்கத் தூண்டுகிறது.

நீர் கலக்கும்போது அமிலத்தைத்தான் சிறிது சிறிதாக நீரில் ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை, முழங்கால் வரை காலணி இல்லாமல் ஒருவரையும் இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது. கழுவுவதற்கு நிறைய நீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கூலிக்கு வருபவரின் கண்ணுக்கு ஈடாகும் பிசின் எந்த மரத்திலும் இல்லை.

ஐந்தாம் படி: சேகரிப்பது

தூம்பை முகத்தின் அடியில் சிறு ஆணியால் பொருத்திக் கிண்ணத்தை அதன் கீழ் நிறுத்த வேண்டும். துருப்பிடிக்கும் இரும்பு கூடாது. அமிலமும் பிசின் அமிலங்களும் இரும்போடு சேர்ந்து பிசினைக் கறுக்க வைக்கும், ரோசினுக்கு விலை அதன் நிறத்தைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். பிளாஸ்டிக்கோ மண்ணோ போதும். கிண்ணத்தில் மழைநீர் நின்றால் பிசின் அடியிலும் நீர் மேலுமாகப் பிரியும், நீரை மெல்லச் சாய்த்துவிடலாம். காய்ந்து முகத்தில் ஒட்டிய பிசினைப் பருவ முடிவில் சுரண்டித் தனியாக வைக்க வேண்டும். அதில் டர்பன்டைன் குறைவு, தூசி அதிகம். நல்ல பிசினோடு கலந்தால் மொத்தத்தின் தரமும் இறங்கும்.

வெயில் ஏறினால் வரத்து கூடும், குளிரில் நின்றுவிடும். குளிர்காலத்தில் மரத்துக்கு ஓய்வு.

ஆலையில் பிசினை உருக்கி, வடிகட்டி, நீராவியால் காய்ச்சி வடிப்பார்கள். ஆவியாகிக் குளிர்வது டர்பன்டைன், அடியில் நிற்பது ரோசின். எடையில் பத்தில் ஏறத்தாழ ஏழு பங்குக்கு மேல் ரோசின், இரண்டு பங்கு வரை டர்பன்டைன், மீதி நீரும் குப்பையும். டர்பன்டைனின் தரம் இனத்தைப் பொறுத்தது. எலியாட்டி பைனில் ஆல்ஃபா-பைனீன் என்ற சேர்மம் மிகுதி. சிர் பைனில் கேரீன் என்ற சேர்மம் மிகுதி. காகிதம், மை, ஒட்டுப்பொருள், வண்ணப்பூச்சு, பற்றவைப்புக் களிம்பு, வயலின் வில் என்று ரோசினுக்கு இடங்கள் பல.

பிசின் எடுத்த மரத்தின் கட்டை

பிசின் எடுத்த மரம் வலுவிழந்தது என்று சொல்லி விலையைக் குறைக்கும் வியாபாரிகள் எங்கும் உண்டு. இது பழைய வாதம். 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறையின் வனப்பிரிவு, நீளிலைப் பைனில் பிசின் எடுத்த மரத்தையும் எடுக்காத மரத்தையும் இயந்திரத்தில் வைத்து நெருக்கியும் வளைத்தும் சோதித்தது. பிசின் எடுத்ததால் கட்டையின் வலிமை குறைவதில்லை என்பது அதன் முடிவு. காரணம் எளியது. பாரத்தைத் தாங்குவது செல்லின் சுவர், நாளத்துக்குள் இருக்கும் பிசின் அல்ல.

நட்டம் வேறு வழிகளில் வருகிறது. அகன்ற முகம் ஆறாமல் காய்ந்தால் அதன் வழியே வண்டும் பூஞ்சையும் நுழையும். தீ பட்டால் குழி விழும். முகத்தின் இருபுறமும் பட்டை உருண்டு மூடும்போது அடிமரம் வட்டம் இழந்து நெளியும், அறுக்கும்போது பலகை அகலம் குறையும். முகத்துக்குப் பின்னே இருக்கும் கட்டை பிசினில் ஊறிச் சிவந்து கனக்கும். அந்தத் துண்டிலிருந்து மெல்லிய சிம்பு ஒன்றைச் சீவி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளிம்புகளில் ஒளி ஊடுருவும். அவ்வளவு பிசின். அது அழுகாது, தீப்பற்றவைக்க அருமையானது. ஆனால் வண்ணம் ஒட்டாது, பசை பிடிக்காது, பூச்சிமருந்தும் உள்ளே இறங்காது. எடை கூடியதை உறுதி கூடியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பைன் கட்டையின் மற்ற குணங்களையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காய்ந்த சிர் பைன் கன மீட்டருக்கு ஏறத்தாழ 550 முதல் 600 கிலோ. தேக்கு 600 முதல் 700. சால் 800-ஐத் தாண்டும். பைனின் சாற்றுக்கட்டை வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பூக்கும். வலிமை குறையாவிட்டாலும் விலை குறையும். மண்ணைத் தொடும் இடத்தில் மருந்தூட்டாமல் பயன்படுத்தக் கூடாது. சிர் பைனில் நாரோட்டம் திருகிச் செல்வது பெரிய தலைவலி. பட்டையின் வெடிப்புகள் நேராக ஓடாமல் மரத்தைச் சுற்றிச் சாய்ந்து ஏறினால் உள்ளே நாரும் பெரும்பாலும் அப்படித்தான். அந்த மரத்தின் பலகை காயும்போது முறுக்கிக்கொள்ளும். இத்தகைய மரங்களில் பிசின் எடுப்பதற்குத் தயங்கவே வேண்டாம்; பலகை மரமாக அவை எப்படியும் தேறாது. நேர்நார் மரங்களை மென்மையாக நடத்துங்கள்.

மரத்தின் நடுவே முதல் பத்துப் பதினைந்து ஆண்டு வளையங்கள் இளங்கட்டை. அடர்த்தி குறைந்தது, நீளவாக்கிலும் சுருங்கக்கூடியது. எனவே வேகமாக வளர்த்து இளமையில் வெட்டிய மரத்தின் பலகை வளைகிறது என்றால் குற்றம் பிசின் எடுத்ததில் இல்லை.

உலர்த்துவது

பச்சைக்கட்டையில் முதலில் செல்லின் உட்குழியில் இருக்கும் நீர் வெளியேறும், அப்போது சுருக்கம் இல்லை. ஈரப்பதம் 25–30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு செல்சுவரின் நீர் போகத் தொடங்கும். சுருக்கமும் வெடிப்பும் அங்கிருந்துதான், வலிமை ஏறுவதும் அங்கிருந்துதான். வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம் ஆரத்தின் போக்கில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

பிசின் மிகுந்த பலகைக்குக் காற்றில் காய்வது மட்டும் போதாது. வெயில் படும் கதவில் கோடையில் வண்ணத்தைத் துளைத்துக்கொண்டு பிசின் கசியும். உலர் அறையில் இறுதிக் கட்டத்தில் வெப்பத்தை 71 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏற்றி நிறுத்தினால் டர்பன்டைன் பகுதி ஆவியாகி, மீதி கெட்டியாக நின்றுவிடும். அந்த வெப்பத்தை மீண்டும் தொடாதவரை கசியாது. அறுவை வாளில் பிசின் ஒட்டினால் டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்தாலே போதும்.

மற்ற பிசின் மரங்கள்

கருங்குங்கிலியம், குந்துருக்கம் போன்ற மரங்களில் பிசின் நாளங்கள் பெரும்பாலும் பட்டையில்தான் இருக்கின்றன. கோடரியால் கட்டைவரை வெட்டுவதும் அடியில் தீ மூட்டுவதும் தேவையற்ற கொடுமை. பட்டையை மெல்லச் சீவினாலே வரும். சால் வகை மரங்களில் நாளங்கள் கட்டையிலும் உண்டு. சுமத்ராவின் குருய் பகுதியில் தமர் என்ற பிசின் மரங்களில் முக்கோணக் குழிகளை வரிசையாக வைத்து, அதையே படியாகக் கொண்டு ஏறி, தலைமுறைகளாகப் பிசின் எடுக்கிறார்கள். மட்டிமரமும் குந்துருக்கமும் இலேசான கட்டை, தீக்குச்சிக்குப் போகும். அங்கே பிசினுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். அகில் முற்றிலும் வேறு: பிசின் ஊறிய கட்டையே சரக்கு.

வெட்டும் நாளில்

வெட்டுவதற்கு முன் எல்லாத் தூம்புகளையும் ஆணிகளையும் பிடுங்கிவிட வேண்டும். புதைந்துபோன ஆணி இருக்கும் இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு அறுவை ஆலைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு ஆணி ஒரு வாளைக் கெடுக்கும். துளை முறையானால் அடியில் 30–40 செ.மீ. துண்டைத் தனியாக அறுத்துவிட்டு மீதியை முழு விலைக்குத் தரலாம். முகமிட்ட மரமானால் முகம் முடியும் உயரத்தில் தடியைத் துண்டித்து, மேல்தடியைத் தனி அடுக்காக வையுங்கள். முகமுள்ள அடித்தடியை முகம் ஒரு பக்கமாக வரும்படி வைத்து அறுத்தால், பிசின் ஊறிய கட்டை முதல் இரண்டு மூன்று பலகைகளில் போய்விடும். அவற்றைப் பிளந்து விறகுச் சிம்பாகக் கட்டித் தனியாக விற்றுவிடலாம். மீதிப் பலகைகளை அன்றைக்கே இடைச்சட்டம் வைத்து அடுக்கிவிட வேண்டும், நீலம் பூப்பதற்கு முன்.